ரிப்போர்ட்டர் ஜானியின் பாதிப் பக்கம்: பிரஸ்ஸல்ஸ் நாட்குறிப்பு

வியாழன் இரவு

விமான நிலையத்திலிருந்து ரயில் பிடித்து மிடி ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால், பக்கத்துக் கட்டடத்தின் உச்சியில் காமிக்ஸ் நாயகன் டின்டினும் அவன் நாய் ஸ்னோயியும் ராட்சத போர்டாக நிற்கிறார்கள். டின்டின் வார இதழை நடத்திய லொம்பார் பதிப்பகத்தின் கட்டடம் அது, 1958இல் கட்டியது. மழை தூறுகிறது, பெட்டி கனக்கிறது, ஆனாலும் பத்து நிமிஷம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் போன ஒருத்தர்கூடத் தலையைத் தூக்கவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு அது வெறும் போர்டு போல.

எதற்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். காமிக்ஸ் ஓவியர்கள் கையால் வரைந்த ஒரிஜினல் பக்கங்களைச் சேகரிக்கிறவர்கள் சிலர் இந்த ஊரில் அவ்வப்போது கூடி, ஆளுக்கொரு பக்கத்தைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துக் காட்டிக்கொள்கிறார்கள். அதில் ஒரு பெரியவரோடு எனக்குப் பல வருஷமாகக் கடிதப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கூட்டம், நீயும் வா என்றார். என்னிடம் காட்டுவதற்கு ஒரிஜினல் எதுவும் இல்லையே என்றேன். "உங்கள் ஊர்ப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வா, அது போதும்" என்றார்.

எந்தப் புத்தகம் என்பதை ஞாயிறு அன்று சொல்கிறேன். சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் இதழ்களைப் படித்து வளர்ந்தவர்கள் தலைப்பைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பீர்கள். இரும்புக்கை மாயாவி, லக்கி லூக், கேப்டன் டைகர், சிக் பில், ரிப்போர்ட்டர் ஜானி எல்லாரும் சிவகாசி வழியாகத்தானே நம் வீட்டுக்கு வந்தார்கள். அதில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் இது. இன்றைக்கு இவ்வளவுதான், கண்ணைச் சொக்குகிறது.

வெள்ளி

காலையில் நேராக ரூ தே சாப்ல் தெருவில் இருக்கும் காமிக்ஸ் அருங்காட்சியகம். கட்டடமே பார்க்க வேண்டிய ஒன்று. விக்டர் ஓர்த்தா வடிவமைத்து 1906இல் முடித்த மொத்த ஜவுளிக்கடை, பெயர் வோக்கே. கடை மூடிய பிறகு பாழடைந்து கிடந்ததை மீட்டு 1989இல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். துணியின் நிறம் வாடிக்கையாளருக்கு நன்றாகத் தெரிய வேண்டுமே என்று ஓர்த்தா மேலே கண்ணாடிக் கூரை போட்டு வெளிச்சத்தைக் கொட்டவிட்டிருக்கிறார். காகிதத்துக்கோ வெளிச்சம்தான் முதல் எதிரி. அதனால் ஒரிஜினல்கள் தொங்கும் பக்கம் மட்டும் மங்கலாக வைத்திருக்கிறார்கள், பக்கங்களையும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்களாம். கீழே கூடத்தில் டின்டினின் சிவப்பு வெள்ளை ராக்கெட். குழந்தைகள் அதைச் சுற்றி ஓட, பெரியவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்தேன்.

ஒரிஜினல் பக்கத்தை இதுவரை நேரில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். புத்தகத்தில் நாம் பார்ப்பது சுருக்கி அச்சடித்தது. ஓவியர் வரைந்த தாள் பெரும்பாலும் அதைவிட ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும். கெட்டியான தாளில் முதலில் பென்சில், அதன் மேல் தூரிகையாலோ பேனாவாலோ இந்தியன் இங்க். தப்பிய இடத்தில் வெள்ளை கௌவாஷ், அதாவது கெட்டியான நீர்வண்ணப் பூச்சு. ரொம்பவே தப்பிப்போனால் அந்தக் கட்டத்தை மட்டும் வேறு தாளில் வரைந்து மேலே ஒட்டிவிடுவார்கள். அச்சில் இது எதுவும் தெரியாது. நேரில் பார்த்தால் எல்லாமே தெரிகிறது. வெள்ளைப் பூச்சு கொஞ்சம் மேடாக இருக்கிறது, கறுப்பை அடர்த்தியாக நிரப்பிய இடத்தில் தூரிகை போன திசை பளபளப்பில் தெரிகிறது, ஒட்டிய துண்டின் ஓரம் மஞ்சளாகிக் கிடக்கிறது. வசன பலூனுக்கு அடியில் அழிக்காமல் விட்ட பென்சில் கோடுகூட இருக்கிறது.

இன்று மாட்டியிருந்தவற்றில் ஃப்ராங்கேன் வரைந்த ஒரு பக்கத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். மார்சுபிலாமி என்ற நீள வால் காமிக்ஸ் விலங்கை 1952இல் உருவாக்கியவர், 1997இல் இறந்துபோனார். ஒரு ஆள் நாற்காலியிலிருந்து விழுகிறான், அவ்வளவுதான் விஷயம், ஆனால் அந்தக் கோட்டில் இருக்கிற வேகத்தைப் பார்த்தால் மனுஷன் உட்கார்ந்துகொண்டு வரைந்தாரா ஓடிக்கொண்டே வரைந்தாரா என்று சந்தேகம் வந்துவிடும்.

எனக்கு இன்று உறைத்தது ஒன்று. சுற்றிலும் தொங்கும் பக்கங்கள் அநேகமாக எல்லாமே கறுப்பு வெள்ளை. இங்கே பிறந்தவர்கள் சின்ன வயதிலிருந்து இந்தக் கதைகளைப் பளபளப்பான தாளில் முழு வண்ணத்தில் படித்தவர்கள். நிறமில்லாத ஒரிஜினல் முன்னால் நிற்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு விலகல், ஏதோ குறைகிற மாதிரி. நமக்கு அப்படியே தலைகீழ். நாம் படித்தது சாணித்தாளில், கறுப்பு மையில், சில இடத்தில் மை ஊறி, சில இடத்தில் கோடு விழாமல். பல வருஷம் கழித்து அதே கதைகள் வண்ணத்தில் வந்தபோது எனக்கு அந்நியமாக இருந்தது. இங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் பார்க்கும்போது அந்த அந்நியம் துளியும் இல்லை. காசு இல்லாததால்தான் அன்றைக்குக் கறுப்பு வெள்ளையில் போட்டார்கள், தெரியும். ஆனால் ஓவியர் மேஜையிலிருந்து எழுந்தபோது தாளில் என்ன இருந்ததோ, வண்ண ஆல்பத்தைவிட (இங்கே காமிக்ஸ் புத்தகத்துக்கு அதுதான் பெயர்) அதற்குப் பக்கத்தில் இருந்தது நம் கையில் கிடந்த புத்தகம்தான். நாள் முழுக்க இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மதியம் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல். சைவம் சாப்பிடுகிறவர்கள் முதலில் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளவும், இங்கே மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது வழக்கம்.

சனி

லூவான் லா நெவ். பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயில், ஒத்திஞியில் மாறிக்கொள்ளலாம். 1968இல் லூவான் பல்கலைக்கழகம் மொழிச் சண்டையில் இரண்டாகப் பிரிந்தபோது பிரெஞ்சு பேசுகிறவர்களின் பாதிக்காக வெறும் நிலத்தில் புதிதாகக் கட்டிய ஊர். மொழிக்காக ஒரு பல்கலைக்கழகத்தையே பிரித்துவிட்டார்கள் என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. நடுவூரில் கார் கிடையாது, எல்லாம் நடைதான். அங்கேதான் டின்டினை உருவாக்கிய ஓவியர் எர்ஜேயின் அருங்காட்சியகம் இருக்கிறது. 2009இல் திறந்தது, கட்டியவர் கிறிஸ்தியான் த போர்ஸாம்பார்க், பணம் போட்டவர் எர்ஜேயின் மனைவி ஃபானி. முகவரி 26, ரூ டு லாப்ரடோர். டின்டின் மார்லின்ஸ்பைக் மாளிகைக்குப் போகும் முன்பு குடியிருந்த வீட்டின் இலக்கமும் தெருவும் இதுவேதான். இந்த மாதிரிக் குறும்புக்கு நான் எப்போதும் மயங்கிவிடுவேன்.

உள்ளே மை போட்டு முடித்த சுத்தமான பக்கங்களைவிட பென்சில் பக்கங்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. எர்ஜே என்றாலே ஒரே தடிமனில் தெளிவான கோடு, நிழல் கிடையாது, தேவையில்லாத ஒரு கீறல் கிடையாது. அந்தக் கோட்டுக்கு வந்து சேர அவர் பட்ட பாடு பென்சில் தாளில் இருக்கிறது. ஒரு கை நீளுவதற்கு முப்பது நாற்பது கோடு, ஒன்றன் மேல் ஒன்றாக, தாளே கிழிந்துவிடும் போல அழுத்தி. அந்தக் காட்டுக்குள்ளிருந்து சரியான ஒரு கோட்டைப் பொறுக்கியெடுத்து வேறொரு சுத்தமான தாளில் பிரதியெடுத்துக்கொள்வார். அப்புறம்தான் மை. 1950இல் ஸ்டூடியோ அமைத்த பிறகு பின்னணியையும் கார், விமானம் மாதிரியானவற்றையும் உதவியாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். சிட்னி விமானக் கதையில் வரும் அந்த ஜெட் விமானத்தை வடிவமைத்தவர் ரோஜே லெலூ. ஆனால் மனிதர்களின் பென்சில் கோடு எர்ஜேயுடையது. சேகரிப்பவர்களில் ஒரு கட்சியே இருக்கிறது, மை போட்ட பக்கம் எங்களுக்கு வேண்டாம், பென்சில் தாளைக் கொடு என்பவர்கள். நேற்று வரை அவர்களைப் புரியவில்லை, இன்று நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

சந்திரனுக்குப் போகும் கதைக்காகச் செய்த ராக்கெட் மாதிரி ஒன்றும் இருக்கிறது. எந்தத் தளத்தில் யார் நிற்கிறார்கள், ஏணி எங்கே, கதவு எங்கே என்று பிசகாமல் வரைவதற்காகப் பிரித்துப் பூட்டும்படி செய்துகொண்டார்களாம்.

கறுப்பு வெள்ளை விஷயம் இங்கேயும் விடவில்லை. டின்டின் 1929 ஜனவரியில் குழந்தைகளுக்கான வார இணைப்பு ஒன்றில் தொடங்கினான். முதல் ஒன்பது கதைகளும் முதலில் புத்தகமானது கறுப்பு வெள்ளையில்தான், 1942 வாக்கில்தான் ஆல்பங்கள் வண்ணத்துக்கு மாறின. 'நீலத் தாமரை' கதையை 1934, 35இல் வரைந்தபோது சாங் சோங்ரென் என்ற சீன மாணவர் எர்ஜேக்கு உதவினார், கதையில் கடைப் பலகைகளிலும் சுவர்களிலும் இருக்கும் சீன எழுத்துகள் அவர் எழுதியவை. ஒவ்வொன்றும் ஓர் உண்மையான வாக்கியம், ஜப்பான் ஆக்கிரமிப்பைக் கண்டிக்கும் கோஷங்கள்கூட உண்டு. ஐரோப்பியப் பிள்ளைகள் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பார்கள்.

அதே கதையின் அட்டைக்கு 1936இல் எர்ஜே போட்ட முதல் ஓவியம் 2021 ஜனவரியில் பாரிஸில் ஏலம் போனது. கமிஷனோடு சேர்த்து ஏறக்குறைய 32 லட்சம் யூரோ. கறுப்புப் பின்னணியில் சிவப்பு டிராகன், பானைக்குள் டின்டின். அந்த வண்ணங்களை அன்றைய முறையில் அச்சடிக்கச் செலவு அதிகமாகும் என்று பதிப்பகம் வேண்டாம் என்றுவிட்டது, எர்ஜே எளிமையாக இன்னொன்று போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்ற ஓவியத்தைப் பதிப்பாளர் வீட்டு ஏழு வயதுப் பையன் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டான் என்பது அந்தக் குடும்பம் சொன்ன கதை. எப்படி இருந்தாலும் மடிப்புக் கோடுகள் ஓவியத்தின் மேல் அப்படியே இருக்கின்றன. ஆக, அச்சுச் செலவுக்கு யோசித்து ஒதுக்கியதுதான் உலகத்திலேயே அதிக விலை போன காமிக்ஸ் ஓவியங்களில் ஒன்று. சிவகாசியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

எர்ஜே 1983 மார்ச்சில் இறந்தபோது பாதியில் நின்றுபோன கதையின் தாள்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்று முடியாது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஞாயிறு

இதுதான் பெரிய நாள், கொஞ்சம் நீளமாகப் போகும்.

பெரியவர் வீடு ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்ததும் கை குலுக்கி, கோட்டை வாங்கி மாட்டி, நேராகக் குளியலறையைக் காட்டினார். கை கழுவு என்றார். வெள்ளைக் கையுறை தருவீர்களா என்று கேட்டேன். கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழித்துவிடுவாய், நன்றாகக் கழுவித் துடைத்த கை போதும் என்றார். மேஜை இருக்கும் அறைக்குள் காபி வரக் கூடாது, பேனா வரக் கூடாது, பென்சில் மட்டும்தான். அவ்வளவுக்கும் மேலே ஒரு விதி, விலை பேசக் கூடாது. எவ்வளவுக்கு வாங்கினாய் என்று கேட்டால் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு கிடையாதாம். (வெளியே பால்கனியில் நின்றுகொண்டு எல்லாரும் விலையைத்தான் பேசினார்கள், அது வேறு விஷயம்.)

முதலில் ஓர் அம்மா. அவர் சேகரிப்பது கறுப்புக் கோடே கிடையாது, வண்ணத் தாள்கள் மட்டும். எப்படி என்றால், ஓவியர் கறுப்பில் முடித்த பக்கத்தை அச்சகம் புத்தக அளவுக்குச் சுருக்கி வெளிறிய நீலத்திலோ சாம்பலிலோ ஒரு தாளில் அடித்துக் கொடுக்கும். அந்தத் தாளில்தான் கௌவாஷோ வாட்டர்கலரோ வைத்து வண்ணம் தீட்டுவார்கள். கறுப்புக் கோடுகள் தனியாக ஒரு கண்ணாடி ஃபிலிமில் இருக்கும். இரண்டையும் மேலே மேலே வைத்தால் முழுப் பக்கம். அந்த அம்மா ஃபிலிமைத் தூக்கித் தூக்கி வைத்துக் காட்டினார். ஃபிலிம் இருக்கும்போது கடல், கப்பல், ஆட்கள். எடுத்துவிட்டால் வெறும் நிறத் திட்டுகள், முகமில்லாத மனிதர்கள். வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் ஓவியரின் மனைவி, சகோதரி, அல்லது ஸ்டூடியோவில் பெயரில்லாத யாராவது. XIII, அதாவது நம் 'இரத்தப் படலம்', அதை வரைந்த வில்லியம் வான்ஸ் இதே பிரஸ்ஸல்ஸின் ஆன்டர்லெக்டில் 1935இல் பிறந்தவர், அவர் பக்கங்களுக்கு வண்ணம் அவர் மனைவி பெத்ரா. ஒரிஜினல் என்றால் எல்லாரும் கறுப்புப் பக்கத்துக்குப் பறக்கிறார்கள், இந்தத் தாள்களை யாரும் மதிப்பதில்லை, அதனால்தான் நான் இதை எடுத்துக்கொண்டேன் என்றார் அந்த அம்மா. நான் இரண்டு நாளாகக் கறுப்பு வெள்ளைக்குக் கொடி பிடித்துக்கொண்டிருந்தவன், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். XIII முழுவதையும் கறுப்பு வெள்ளைக் குண்டு புத்தகத்தில் படித்த எனக்கு பெத்ராவின் வேலை பல வருஷம் கண்ணிலேயே படவில்லை என்பதும் உண்மைதானே.

அடுத்தது ஓர் ஆங்கிலேயர், இதற்காகவே லண்டனிலிருந்து காலை ரயிலில் வந்தவர். உறையிலிருந்து தாளை வெளியே இழுத்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இரும்புக்கை மாயாவி! 1962இல் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய தொடர், பெரும்பகுதியை வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பெல்லாம் மறைந்து இரும்புக் கை மட்டும் காற்றில் தொங்குமே, அந்தக் கட்டம் ஒன்று பக்கத்தின் நடுவில் இருந்தது. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இவனை வைத்துத்தான். இந்த ஆள் எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய ஆள் தெரியுமா என்று நான் சொன்னதை ஆங்கிலேயர் நம்பவே இல்லை. இங்கிலாந்தில் ஒரு தலைமுறை தாண்டி யாருக்கும் இவனைத் தெரியாதாம்.

அந்தப் பக்கத்தில் வசனம் எல்லாம் தனித் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியது. பசை காய்ந்து இரண்டு பலூன் விழுந்துவிட்டன, அவற்றை ஒரு சின்னக் கவரில் போட்டு வைத்திருக்கிறார். பலூன் விழுந்த இடத்தில் பிளாஸ்கோ வரைந்த சுவரும் விளக்கும் முழுசாக இருக்கின்றன, எந்த வாசகனும் பார்த்திராத இடம். திரும்ப ஒட்டிவிடலாமா, விட்டுவிடலாமா என்று மேஜையைச் சுற்றி அரை மணி நேரம் சண்டை. ஒட்டக் கூடாது என்பது என் கட்சி. பக்கம் அச்சுக்குப் போன நிலையில்தான் இருக்க வேண்டும் என்று இன்னொருவர் கொஞ்சம் கோபமாகவே சொன்னார். அந்தக் காலத்தில் ஆங்கில வார இதழ்கள் ஓவியத்தை ஒரேயடியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும், வரைந்தவருக்குத் தாள் திரும்பி வராது. அமெரிக்காவிலும் ரொம்ப நாள் இதே கதைதான், பெரிய நிறுவனங்கள் ஓவியர்களுக்குப் பக்கங்களைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்ததே 1970களில். மார்வெல் நாயகர்கள் பலரை வரைந்து உருவாக்கிய ஜாக் கிர்பி மாதிரி ஒரு மனிதர் தான் வரைந்த பக்கங்களைக் கேட்டு 1980களில் வருஷக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது, கடைசியில் கைக்கு வந்தது அவர் வரைந்ததில் ஒரு சின்னப் பகுதிதான்.

எல்லாரும் பக்கத்தை வாங்கியதும் முதலில் செய்வது ஒன்று, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பது. பின்னால் முத்திரை, இதழின் எண், எவ்வளவு சதவீதம் சுருக்க வேண்டும் என்ற குறிப்பு, சில சமயம் ஓவியர் பேனா முனையைச் சோதித்த கிறுக்கல். போலியைப் பிடிக்க இந்தப் பின்பக்கம் உதவும். விளக்குப் பெட்டி மேல் வைத்து அச்சுப் புத்தகத்தைப் பார்த்து வரைந்த போலிகள் சந்தையில் உண்டு. அவற்றில் கோடு தயங்கும், வேகம் இருக்காது, மைக்கு அடியில் தேடி அலைந்த பென்சில் இருக்காது, ஏனென்றால் வரைந்தவனுக்கு விடை முன்பே தெரியும். இதைவிடப் பெரிய தலைவலி திருட்டுப் பக்கங்கள். பதிப்பகங்களின் கிட்டங்கியிலிருந்து காணாமல் போனவை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன, யாரிடமிருந்து வந்தது என்ற சங்கிலி தெரியாமல் வாங்காதே என்று எல்லாருமே சொன்னார்கள். வாங்கினாலும் தாள்தான் உனக்கு, அதை அச்சடிக்கும் உரிமை உனக்கு வராது. ஐரோப்பாவில் ஏலத்திலோ காலரியிலோ ஓவியம் மறுபடி விற்கும்போது ஓவியருக்கும், அவர் இறந்து 70 வருஷம் வரை வாரிசுகளுக்கும் ஒரு பங்கு உண்டு, 50,000 யூரோ வரையிலான விலைக்கு வழக்கமாக 4 சதவீதம். நல்ல சட்டம்.

ஒரு இளைஞன் வெறுங்கையோடு வந்தான். அவனுக்குப் பிடித்த ஓவியர்கள் எல்லாரும் டேப்லெட்டில் வரைகிறவர்கள், தாளே கிடையாது, நான் எதைச் சேகரிக்க என்று கேட்டான். யாருக்கும் பதில் இல்லை. பிஸ்கட் தட்டை அவன் பக்கம் தள்ளினார்கள்.

கடைசியில் பெரியவரின் முறை. அவர் எடுத்தது ரிக் ஓஷே, நம்முடைய ரிப்போர்ட்டர் ஜானி. 1955இல் டின்டின் இதழில் தொடங்கி 78 ஆல்பம் வந்த தொடர். எழுதியவர் துஷாத்தோ, வரைந்தவர் திபே, சிக் பில்லையும் அவர் கூட்டாளிகள் ஆர்டினையும் டாக்புல்லையும் வரைந்த அதே திபேதான், 2010இல் காலமானார். மஞ்சள் போர்ஷே மழையில் வளைவைத் திரும்புகிறது, பின்னால் இன்னொரு கார். ஒரிஜினலில் அது வெள்ளை போர்ஷே, மஞ்சள் அப்புறம் வேறு தாளில் வந்தது. மனிதர்கள் திபேயின் கை, தெருவும் வீடுகளும் மழையும் அவருடைய பின்னணி ஓவியரின் கை. முதலில் மித்தேய், பிற்பாடு தெஸ்மி என்று அந்த வேலையைச் செய்தார்கள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் இரண்டு கையும் தனித்தனியாகத் தெரிகிறது. ஜானியின் கோட்டுக் காலர் இரண்டே இழுப்பில் முடிந்துபோயிருக்க, பின்னால் இருக்கும் கூரையில் ஒவ்வொரு ஓடும் பொறுமையாக வரைந்திருக்கிறது.

ஆனால் அது பாதிப் பக்கம். கீழ்ப்பாதி மட்டும். இங்கே பல ஓவியர்கள் ஒரு பக்கத்தை இரண்டு தாளாக, தாளுக்கு இரண்டு வரிசையாக வரைவது வழக்கம். மேஜையில் வைக்க வசதி, அனுப்பவும் வசதி. அதனால் பக்கங்கள் பாதி பாதியாகப் பிரிந்து வேறு வேறு ஆட்களிடம் போய்விடும். மேல்பாதியைப் பெரியவர் வருஷக்கணக்காகத் தேடுகிறார்.

நான் என் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். கையடக்கமான, ஓரம் பழுத்த லயன் காமிக்ஸ். அதே கதை, அதே துரத்தல். பக்கத்தைத் தேடி விரித்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆல்பத்தில் நாலு வரிசையும் ஒரே பக்கத்தில் இருக்கும். சிவகாசியில் சின்ன அளவுப் புத்தகத்துக்காக அதைக் குறுக்கே வெட்டி, பக்கத்துக்கு இரண்டு வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதனால் எங்கள் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் இருந்தது, மேஜை மேல் கிடந்த அந்தத் தாளில் இருந்த அதே இரண்டு வரிசை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வண்ணமும் இல்லை. பிரெஞ்சு ஆல்பத்தையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள், வண்ணத்தில், பளபளப்பாக. பெரியவர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வண்ணத் தாள் அம்மா ஆல்பத்தைத் தட்டி, இதில் மழை நீலமாக இருக்கிறது, அது உங்களுக்கு வேண்டாமா என்று என்னைக் கேட்டார். வேண்டும்தான் என்றேன். ஆனால் நான் படித்த மழை கறுப்பு.

தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லாருக்கும் படித்துக் காட்டச் சொன்னார்கள். "ஆ! பிரேக் பிடிக்கவில்லையே!" என்று கொஞ்சம் நடித்தே காட்டினேன். கைதட்டல்.

திங்கள்

காலை முழுக்கச் சுவர்கள். 1991இலிருந்து ஊரெங்கும் வீட்டுச் சுவர்களில் காமிக்ஸ் காட்சிகளைப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள். ரூ த லா புவாந்தெரி தெருவில் லக்கி லூக், அவர் எதிரிகளான டால்டன் சகோதரர்களின் வங்கிக் கொள்ளை. ரூ து போன் செகூர் தெருவில் நம் ஜானி சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறார். நேற்று அந்த மனுஷனை ஒரு ஜாண் தூரத்தில் கோடு கோடாகப் பார்த்துவிட்டு இன்று மூன்று மாடி உயரத்தில் பார்த்தால் ஏதோ விளம்பரம் மாதிரி இருக்கிறது. சுவர் ஓவியத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் எழுதட்டும்.

மதியம் லெமொனியே பூல்வார் பக்கத்துப் பழைய காமிக்ஸ் கடைகள். ஒரு கடையில் திபே வரைந்த ஒரு சின்ன ஒரிஜினல், பென்சிலில் டாக்புல் முகம் மட்டும், கோபத்தில். விலை என் வரம்புக்குள்ளேயே இருந்தது, இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குக் கடைக்காரர் தோளைக் குலுக்கினார். நேற்றைய பாடம் காதில் ஒலிக்க, வைத்துவிட்டு வந்தேன். மனசு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

கிளம்புவதற்கு முன் பெரியவர் ஹோட்டலுக்கே வந்துவிட்டார். பாதிப் பக்கத்தின் நல்ல ஸ்கேன் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அப்புறம் ரொம்பத் தயங்கி, அந்தத் தமிழ்ப் புத்தகத்தைத் தன்னிடம் விட்டுப்போக முடியுமா என்றார். மேல்பாதி கிடைக்கும் வரை அதை வைத்துச் சமாளித்துக்கொள்வாராம். கொடுத்துவிட்டேன், கொடுக்காமல் என்ன செய்ய.

எனவே சென்னை, சிவகாசி, கோவை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இதழின் இரண்டாவது பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, உள்ளே போர்ஷே துரத்தும் பக்கங்கள் இருந்தால் போதும். விலையை நேரில் பேசிக்கொள்ளலாம், என் வீட்டில் அந்த விதி கிடையாது.